கடை கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க் கடகடங்குது, அப்படியே இமேஜ் எடுத்து எஸ்எஸ்டில இறக்க வழி சொல்லுங்க

பாபநாசம்_டிடிபி | செவ்வாய், இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். பாபநாசத்துல சின்னதா டிடிபி கடை வச்சிருக்கேன், கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இதெல்லாம் இங்க டைப் பண்ணி டிசைன் முடிச்சு கும்பகோணத்துல ஆஃப்செட்டுக்கு குடுத்து அடிச்சு வாங்குறதுதான் வேலை. கடைல ஒரே ஒரு சிஸ்டம், 2014ல அசெம்பிள் பண்ணது, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், அப்ப விண்டோஸ் 7 இருந்துச்சு அப்புறம் 10 ஆக்கிட்டோம்.

ரெண்டு வாரமா ஆன் பண்ணா உள்ள கடக் கடக்னு சத்தம், நடுவுல அப்படியே நின்னு ரெண்டு நிமிஷம் கழிச்சு வருது. பக்கத்து கடை தம்பி இது டிஸ்க்கு போகப்போற சத்தம்ணே சீக்கிரம் எஸ்எஸ்டி மாத்திடுங்கன்னு சொல்லவும் 480 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணும், 1 டிபி எக்ஸ்டர்னல் ஒண்ணும் வாங்கிட்டேன்.

இப்ப என் பிரச்சினை என்னன்னா இதுல டிசைன் பண்ற சாஃப்ட்வேர் பேஜ்மேக்கர் 7, ஒரு பழைய கோரல்டிரா, பாமினி ஃபான்ட் அது இதுன்னு நானூறு ஃபான்ட், பழைய தமிழ் கீபோர்டு சாஃப்ட்வேர், கடை லேசர் பிரிண்டரோட டிரைவர், இதெல்லாம் பத்து வருஷமா ஒண்ணு மேல ஒண்ணா சேந்து கெடக்கு. எது எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியாது. கோரல் சிடி கீறல் விழுந்து ஓட மாட்டேங்குது. மறுபடி முதல்லேருந்து போட்டா இதே மாதிரி வராது. அதனால டிஸ்க்க அப்படியே உரிச்சு எடுத்த மாதிரி புதுசுல இறக்கணும். இமேஜ்னு ஏதோ சொல்றாங்க. விண்டோஸ்லயே இருக்கா, தனியா ஏதும் போடணுமா? ஆவணி முகூர்த்த வேலை கைல இருக்கு, ரெண்டு நாளைக்கு மேல கடைய மூட முடியாது.

அரசலாறு | செவ்வாய், இரவு 9:40

கும்பகோணத்துல சர்வீஸ் பண்றேன். முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், இத படிச்ச உடனே அந்த சிஸ்டத்த ஷட்டவுன் பண்ணுங்க, நாளைக்கு காலைல வர்ற கஸ்டமருக்கு பத்திரிகைய எடுத்து காட்டணும்னு ஆன் பண்ணி வச்சிக்கிட்டு இருக்காதீங்க. யாராவது செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர் போட்டு பேட் செக்டார, அதாவது டிஸ்க்ல கெட்டுப்போன இடத்த, சரி பண்ணுங்கன்னு சொல்வாங்க, அதையும் கேக்காதீங்க, சாகப்போற டிஸ்க்க ஒவ்வொரு செக்டாரா படிக்க வச்சா அந்த வேலைலயே படுத்துடும்.

நாளைக்கு ஒரு தடவ ஆன் பண்ணி கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு சின்ன இலவச சாஃப்ட்வேர் போட்டு பாருங்க. 05, சி5, சி6ன்னு மூணு வரி இருக்கும், டிஸ்க்ல எவ்ளோ இடம் கெட்டுருக்குன்னு சொல்றது அதுதான், அந்த வரில கடைசி கட்டத்துல என்ன நம்பர் இருக்குன்னு எழுதுங்க. அது ஹெக்ஸ்ல காட்டும், 10ன்னு இருந்தா 16ன்னு அர்த்தம், பயந்துடாதீங்க, சந்தோஷமும் படாதீங்க.

அது முடிஞ்ச கையோட டி டிரைவ்ல இருக்குற கஸ்டமர் ஃபைல எல்லாம் சாதாரணமா எக்ஸ்டர்னல்ல காப்பி பண்ணிடுங்க. சி டிரைவ்ல டெஸ்க்டாப்ல கெடக்குறதையும் சேத்து. இமேஜ் எல்லாம் அப்புறம். இமேஜ் பாதில நின்னாலும் வயித்துப்பொழப்புக்கு ஃபைல் கைல இருக்கும்ல.

தாளடி87 | செவ்வாய், இரவு 10:05

இதுக்கு எதுக்குங்க இவ்ளோ பாடு, ஃபைல காப்பி பண்ணிட்டு எஸ்எஸ்டில புதுசா விண்டோஸ் போட்டா ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது. பத்து வருஷ குப்பையையும் சேத்து தூக்கிட்டு போய் புது வீட்ல கொட்டுவீங்களா? அதுவும் விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட்டே முடிஞ்சுது. பேஜ்மேக்கர் 7 எல்லாம் 2001ல வந்தது, இன்னமுமா அத கட்டிக்கிட்டு அழுவுறீங்க, எல்லா சிஸ்டத்துலயும் ஓடுற யூனிகோடு எழுத்துக்கு மாறுங்க சார்.

பாபநாசம்_டிடிபி | புதன், மதியம் 1:30

தாளடி தம்பி, மாறணும்னுதான் நானும் அஞ்சு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன். ஆனா 2015ல அக்காவுக்கு அடிச்ச அதே பத்திரிகை, அதே பிள்ளையார், அதே பார்டர், பேர மட்டும் மாத்தி தம்பிக்கு வேணும்பாங்க. அந்த ஃபைல் யூனிகோடு இல்லாத பழைய பாமினி எழுத்துல இருக்கு. அத திறக்க பேஜ்மேக்கர் வேணும். என் கடை ஓடுறதே அந்த பழைய ஃபைலாலதான்.

அரசலாறு அண்ணே நீங்க சொன்ன மாதிரி பாத்துட்டேன். மேல மஞ்சள்ல எச்சரிக்கை காட்டுது. 05ல 8, சி5ல 10, சி6ல 10. டி டிரைவ் 62 ஜிபி காப்பி ஆயிடுச்சு, நடுவுல ரெண்டு ஃபைல் மட்டும் படிக்க முடியலன்னு நின்னுச்சு, ஸ்கிப் குடுத்துட்டேன், ஒண்ணு ஏதோ போட்டோ, இன்னொண்ணு சாலியமங்கலத்துக்காரங்க வளைகாப்பு பத்திரிகை. சி டிரைவ் 100 ஜிபி, அதுல 71 ஜிபி நெறஞ்சிருக்கு. இப்ப ஆஃப் பண்ணிட்டு போன்லேருந்து எழுதுறேன். அடுத்தது என்ன?

லேப்_அண்ணன் | புதன், மாலை 6:20

நான் தஞ்சாவூர்ல ஒரு காலேஜ்ல லேப் பாத்துக்குறேன், 42 சிஸ்டம், வருஷத்துக்கு ரெண்டு தடவ எல்லாத்தையும் ஒரே இமேஜ்லேருந்து துடைச்சு இறக்குவோம், அதனால இதுல கை கொஞ்சம் பழகிடுச்சு.

தாளடி சொல்றது தப்பில்ல, ஆனா இவர் கேஸ் வேற. பிரஸ்காரர் பாஷைலயே சொல்றேன். மேட்டர டைப் பண்ணி ஃபைலா வச்சிருக்குறது ஃபைல் பேக்கப். பிளேட்டே போட்டு எடுத்து வச்சிருக்குறது இமேஜ். பிளேட்டுல ஒரு எழுத்த மட்டும் தனியா உருவி எடுக்குறது கஷ்டம், ஆனா மிஷின்ல மாட்டுனா அச்சு அசலா அதே வந்து விழும். பூட் செக்டார், டிஸ்க்க சி, டின்னு பிரிச்சு வச்சிருக்குற பார்ட்டிஷன் டேபிள், விண்டோஸ், ரெஜிஸ்ட்ரி, ஃபான்ட், டிரைவர் எல்லாம் இருந்த இடத்துல இருந்த மாதிரியே வரும். உங்களுக்கு ரெண்டுமே வேணும், முதல்ல உள்ளத முடிச்சிட்டீங்க.

விண்டோஸ்லயே இருக்கான்னு கேட்டீங்க. இருக்கு, கன்ட்ரோல் பேனல்ல பேக்கப் அண்ட் ரீஸ்டோர் விண்டோஸ் 7னு இன்னமும் கெடக்கும், ஆனா 2017லேயே மைக்ரோசாஃப்ட் அத கைவிட்ட லிஸ்ட்ல சேத்துட்டாங்க, அதுவும் பழைய டிஸ்க்க விட புது டிஸ்க் ஒரு ஜிபி சின்னதா இருந்தாலும் ரீஸ்டோர் ஆகாதுன்னு அடம்பிடிக்கும். மேக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவச பதிப்பு நல்லா இருந்துச்சு, 2024 ஜனவரியோட நிறுத்திட்டாங்க. பழைய ஆளுங்க கோஸ்ட் கோஸ்ட்னு சொல்வாங்க, நியூசிலாந்துல ஆரம்பிச்சு 1998ல சைமன்டெக் வாங்குனது, அந்த ஃபிளாப்பி காலத்து கதைய இன்னொரு நாள் பேசலாம்.

நான் சொல்றது குளோன்சில்லா. தைவான்ல அரசு சூப்பர் கம்ப்யூட்டர் மையத்துல செய்யுறாங்க, இலவசம். விண்டோஸ்க்குள்ள இன்ஸ்டால் பண்றது இல்ல, பென்டிரைவ்லேருந்து பூட் ஆகும், அதனால விண்டோஸ் ஓடாம இருக்குறப்பவே டிஸ்க்க காப்பி எடுக்கும். எழுத்தா வர்ற நீலத்திரை, மவுஸ் கெடையாது, பாத்தா பயமா இருக்கும், கேக்குற கேள்விய படிச்சு பதில் சொன்னா போதும். வேற ஒரு சிஸ்டத்துல ரூஃபஸ்னு பென்டிரைவ பூட் ஆக வைக்கிற சாஃப்ட்வேர் போட்டு பென்டிரைவ் தயார் பண்ணுங்க, உங்க டிஸ்க்க இனிமே தேவையில்லாம ஓட விடாதீங்க. மவுசும் பட்டனும்தான் வேணும்னா ரெஸ்க்யூசில்லா இருக்கு, உள்ள அதே சமாச்சாரம்தான், ஆனா உங்க டிஸ்க்ல பேட் செக்டார் இருக்குறதால எனக்கு பழகுனதையே சொல்றேன்.

பூட் ஆனதும் டிவைஸ் இமேஜ்னு எடுங்க, லோக்கல் டிவைஸ்னு குடுங்க, அப்ப எக்ஸ்டர்னல மாட்டச் சொல்லும், நீலக்கலர் போர்ட் இருந்தா அதுல மாட்டுங்க, இல்ல பழைய யூஎஸ்பி 2தான்னா செகண்டுக்கு 30 எம்பி சுமார்தான் வரும், மணிக்கணக்குல ஆகும், பரவாயில்ல. அப்புறம் முழு டிஸ்க்கையும் இமேஜா எடுக்குற சேவ்டிஸ்க். இங்கதான் எக்ஸ்பர்ட் மோட் எடுத்து ரெஸ்க்யூன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும் அத டிக் பண்ணணும், இல்லன்னா முதல் பேட் செக்டார்லயே நின்னுடும். அத போட்டா படிக்க முடியாத இடத்த விட்டுட்டு மேல போகும். கடைசில இமேஜ சரிபாக்கவான்னு கேக்கும், நேரமாகுதுன்னு வேணாம்னு சொல்லிடாதீங்க.

டிஸ்க் பேர எஸ்டிஏ, எஸ்டிபின்னு காட்டும். பக்கத்துல கம்பெனி பேரும் சைஸும் இருக்கும், அத பாத்து எடுங்க, எழுத்த மட்டும் நம்பாதீங்க. எங்க லேப்ல ஒரு பையன் ரீஸ்டோர் பண்றப்ப எதுல இமேஜ் இருக்கோ அந்த டிஸ்க்கையே டார்கெட்டா குடுத்துட்டான். அது ஒழுங்கா ஒய் ஆர் என்னு ரெண்டு தடவ கேட்டுச்சு, இவனும் ஒழுங்கா ரெண்டு தடவையும் ஒய் அடிச்சான்.

இத படிக்கிற லேப்டாப்காரங்களுக்கு ஒண்ணு: விண்டோஸ் 11 புது வெர்ஷன்ல நீங்க கேக்காமலே பிட்லாக்கர் மாதிரி என்கிரிப்ஷன், அதாவது டிஸ்க்க பூட்டி வைக்கிறது, ஆன் ஆயிருக்கும். அந்த நெலமைல குளோன்சில்லாவுக்கு எது காலி எது ஃபைல்னு தெரியாது, காலி இடத்தையும் சேத்து மொத்தமா அள்ளும், 500 ஜிபி டிஸ்க்குக்கு கிட்டத்தட்ட 500 ஜிபி இமேஜ் வரும். ரெக்கவரி கீய எழுதி வச்சிக்கிட்டு, அந்த பூட்ட எடுத்துட்டு (டீக்ரிப்ட் பண்ணிட்டு) எடுங்க.

பாபநாசம்_டிடிபி | வியாழன், இரவு 8:50

பூட் ஆச்சு, எல்லாம் நீங்க சொன்ன வரிசைல வந்துச்சு, ஆனா சி டிரைவ் கிட்ட வரவும் சிவப்புல ஏதோ போட்டு இந்த பார்ட்டிஷன் ஹைபர்நேட்ல இருக்கு, விண்டோஸ ஒழுங்கா ஷட்டவுன் பண்ணுன்னு நின்னுடுச்சு. நான் ஒழுங்காதான் ஷட்டவுன் பண்ணேன்!!

லேப்_அண்ணன் | வியாழன், இரவு 9:02

நீங்க பண்ணீங்க, விண்டோஸ் பண்ணல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு இருக்கு, ஷட்டவுன் குடுத்தா பாதி தூக்கத்துலதான் போகும். நான் முதல்லயே சொல்லிருக்கணும், மறந்துட்டேன். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன் என்ன செய்யணும்ங்கற இடத்துல போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்க எடுத்துட்டு மறுபடி ஷட்டவுன் பண்ணுங்க. அவசரத்துக்கு ஷிஃப்ட்ட அழுத்திக்கிட்டே ஷட்டவுன் குடுத்தாலும் அந்த ஒரு தடவ முழுசா அணையும்.

பாபநாசம்_டிடிபி | வியாழன், இரவு 11:48

எடுத்துடுச்சு!! ரெண்டே கால் மணி நேரம். நடுவுல நாலஞ்சு எடத்துல ரொம்ப நேரம் நின்னு நின்னு போச்சு, ஒவ்வொரு தடவையும் எனக்குதான் மூச்சு நின்னுச்சு. இமேஜ் நல்லா இருக்கு, ரீஸ்டோர் பண்ணலாம்னு பச்சைல வந்துச்சு. இப்பவே எஸ்எஸ்டிய யூஎஸ்பி கேஸ்ல போட்டு ரீஸ்டோர் குடுத்து பாத்தேன், டார்கெட் டிஸ்க் சின்னதா இருக்குன்னு சொல்லி வெளிய வந்துடுச்சு. மொத்தமே நெறஞ்சது 133 ஜிபி, டிஸ்க் 480. அப்புறம் என்ன சின்னது?

அரசலாறு | வெள்ளி, காலை 7:15

நெறஞ்ச கணக்க அது பாக்காது, பார்ட்டிஷன் எங்க முடியுதுங்கறதத்தான் பாக்கும். உங்க பழைய 500, விண்டோஸ் கணக்குல 465. புது 480, அதே கணக்குல 447. டி டிரைவ் பழைய டிஸ்க்கோட கடைசி விளிம்பு வரைக்கும் போவுது, அதாவது 18 ஜிபி சொச்சம் வெளிய தொங்குது. வேட்டி எட்டு முழம், கொடி ஏழு முழம், அவ்ளோதான் பிரச்சினை.

டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய் டி டிரைவ ரைட் கிளிக் பண்ணி ஷ்ரிங்க் வால்யூம், 25600 எம்பி குறைங்க, அதாவது 25 ஜிபி. டி டிரைவ்ல முக்கால்வாசி காலியா இருக்குறதால அந்த கடைசி 25 ஜிபில ஃபைல் எதுவும் இருக்க வாய்ப்பு கம்மி, சட்டுனு முடியும். பேட் செக்டார் டிஸ்க்ல பார்ட்டிஷன நோண்டுறது எனக்கு சுத்தமா புடிக்காத வேலைதான், ஆனா நேத்து எடுத்த முதல் இமேஜ் கைல இருக்குற தைரியத்துல சொல்றேன். அத அழிச்சுடாதீங்க, 1 டிபில எடம் இருக்கு. ஷ்ரிங்க் பண்ணதும் வேற பேர்ல ரெண்டாவது இமேஜ் எடுங்க. முன்னாடி எடுத்த இமேஜ்ல பழைய அளவுதான் பதிவாகி இருக்கும், அது இந்த எஸ்எஸ்டில எறங்காது.

ஒண்ணு கேக்கணும், டி டிரைவ் டிஸ்க் மேனேஜ்மென்ட்ல நீல கோடா பச்சை பெட்டிக்குள்ளயா? பச்சை பெட்டின்னா லாஜிக்கல், உள்ள இருக்குறத குறைச்சாலும் பெட்டி குறையாது, வேற வழி பாக்கணும்.

பாபநாசம்_டிடிபி | வெள்ளி, காலை 7:40

மூணுமே நீலம்தான் அண்ணே. சிஸ்டம் ரிசர்வ்டுன்னு ஒரு குட்டி, அப்புறம் சி, அப்புறம் டி.

லேப்_அண்ணன் | வெள்ளி, காலை 8:10

அப்ப சுலபம். ரீஸ்டோர்டிஸ்க் எடுக்குறப்ப எக்ஸ்பர்ட் மோட் போங்க. அதுல ஐசிடிஎஸ்னு ஒரு ஆப்ஷன், டார்கெட் சைஸ சரிபாக்காதன்னு அர்த்தம், அத டிக் பண்ணுங்க. அடுத்த திரைல பார்ட்டிஷன் டேபிள் எப்படி போடணும்னு கேக்கும், இமேஜ்ல இருக்குறதையே போடுன்னு வர்ற கே0 தான் எடுக்கணும். புது டிஸ்க் அளவுக்கு விகிதாசாரமா மாத்துன்னு ஒண்ணு இருக்கும், கே1, பேர பாத்தா அதுதான் சரின்னு தோணும். அத எடுத்தா சி டிரைவயும் சேத்து 96 ஜிபி ஆக்கிடும், 100 ஜிபிக்கு எடுத்த இமேஜ் அதுல எறங்காது. பெரிய டிஸ்க்குக்கு போறப்பதான் கே1.

முடிஞ்சதும் எஸ்எஸ்டிய உள்ள மாட்டுங்க, பழைய டிஸ்க்க கழட்டிட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க. ரெண்டுக்கும் இப்ப ஒரே டிஸ்க் கையெழுத்து, அதாவது ஒரே அடையாள நம்பர், ஒண்ணா மாட்டுனா விண்டோஸ் குழம்பி ஒண்ண ஆஃப்லைன்ல போட்டுடும். பழசுல கை வைக்காம புதுச ஓட்டி பாக்குறதால இதுவே ரீஸ்டோர் டெஸ்ட்டும் ஆச்சு. லேப்ல எனக்கு இப்படி ஒரு ஸ்பேர் டிஸ்க் கெடைக்க ரெண்டு வருஷம் லெட்டர் எழுதுனேன்.

உப்பளத்தான் | வெள்ளி, மதியம் 2:25

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நான் வேதாரண்யம் பக்கம், பிரவுசிங் சென்டர் வச்சிருந்தேன். மாசா மாசம் ஒண்ணாந்தேதி தவறாம இமேஜ் எடுப்பேன், ரீஸ்டோரும் பண்ணி பாத்திருக்கேன், அந்த எக்ஸ்டர்னல சிபியு மேல உள்ள அலமாரிலயே வச்சிருப்பேன், கைக்கு வாகா இருக்கும்னு. 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா வந்தப்ப கடை ஷீட்டு எல்லாம் பறந்து போய் அலமாரியோட சரிஞ்சு தண்ணில கெடந்துச்சு. சிஸ்டமும் போச்சு இமேஜும் போச்சு. எங்க தெருவுக்கு கரண்ட் வரவே ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, வந்தப்புறம் ஆன் பண்ணி பாக்க ஒண்ணும் மிச்சமில்ல.

இப்ப ரெண்டு எக்ஸ்டர்னல், ஒண்ணு கடைல, இன்னொண்ணு மன்னார்குடில தங்கச்சி வீட்டு பீரோல. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போறப்ப மாத்திப்பேன். மச்சான் ஒவ்வொரு தடவையும் இதுல என்னா மாப்ள இருக்குன்னு கேப்பாரு.

பாபநாசத்துக்காரர் அந்த 1 டிபிய கடைலயே வைக்காதீங்க. அப்புறம் ரீஸ்டோர் பண்றப்ப கரண்ட் பாத்துக்குங்க, பராமரிப்பு வேலைக்காக காலை 9லேருந்து சாயங்காலம் 5 வரைக்கும் நிறுத்தம்னு பேப்பர்ல போட்டிருக்கான்னு பாத்துட்டு ஆரம்பிங்க.

பாபநாசம்_டிடிபி | சனி, இரவு 10:30

உப்பளத்தான் அண்ணே நீங்க எழுதுனத பாத்துட்டு விசாரிச்சா இன்னைக்கே எங்க ஏரியா நிறுத்தம். என் யூபிஎஸ் பத்து நிமிஷம்தான் தாங்கும், அதுவும் அதுக்கு மூடு இருந்தா. அதனால நேத்து ராத்திரியே உக்காந்தேன்.

ஷ்ரிங்க் ஒரு நிமிஷத்துல முடிஞ்சுது. ரெண்டாவது இமேஜ் ரெண்டரை மணி நேரம். ரீஸ்டோர் ஒரு மணி நேரம்கூட ஆகல. ராத்திரி மூணு மணிக்கு பழச கழட்டி எஸ்எஸ்டிய மாட்டி ஆன் பண்ணா, அதே வால்பேப்பர், அதே டெஸ்க்டாப்ல அதே குப்பை. பேஜ்மேக்கர் திறந்து ஒரு பழைய பத்திரிகைய எடுத்து பாத்தேன், ஃபான்ட் ஒரு எழுத்து மாறல. முன்னாடி ஆன் பண்ணிட்டு போய் டீ குடிச்சிட்டு வருவேன், இப்ப சேர்ல உக்கார்றதுக்குள்ள வந்து நிக்குது. ராத்திரி மூணு மணிக்கு பிரிண்ட் குடுத்து பாத்தேன், வீட்ல எழுந்து வந்து திட்டுனாங்க.

ஒரே ஒரு கோளாறு, கோரல் திறக்குறப்ப ஏதோ ஒரு ஃபைல் கெட்டுப்போச்சுன்னு சொல்லி மூடிக்குது. அந்த படிக்க முடியாத செக்டார்ல அது மாட்டிருக்கும்னு நெனைக்கிறேன். தாளடி தம்பி சிரிக்காதீங்க.

தாளடி87 | சனி, இரவு 10:52

சிரிக்கல சார். கோரல் ஃபோல்டர்ல எந்த ஃபைல்னு பேர் சொல்லுதுல்ல, அத எழுதுங்க. எங்க மாமா கடைல அதே பழைய கோரல் சிடி ஒண்ணு நல்லபடியா இருக்கு, திங்கக்கிழமை கும்பகோணம் வர்றேன், வழில இறங்கி குடுக்குறேன். உங்க பேர்ல வாங்குன சீரியல் நம்பர் அட்டைய தேடி வைங்க, ரிப்பேர் குடுத்தா கேக்கும்.

பாபநாசம்_டிடிபி | சனி, இரவு 11:05

ரொம்ப நன்றி தம்பி, அட்டை கல்லாப்பெட்டி அடில கெடக்கு. வந்தா கடைல டீ சாப்டுட்டுதான் போகணும். அந்த பழைய டிஸ்க்க என்ன பண்றது, எடைக்கு போட்டுடவா?

அரசலாறு | ஞாயிறு, காலை 6:50

போடாதீங்க. ஆறு மாசம் அப்படியே ஒரு கவர்ல போட்டு தேதி எழுதி வைங்க, ஏதாவது ஒரு ஃபைல் விட்டுப்போச்சுன்னு தை மாசம்தான் ஞாபகம் வரும். அந்த சாலியமங்கலம் வளைகாப்பு பத்திரிகைய ஒருநாள் இங்க கொண்டாங்க, டிடிரெஸ்க்யூன்னு ஒண்ணு போட்டு அந்த எடத்த மட்டும் திரும்ப திரும்ப படிக்க வச்சு பாக்கலாம். வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். அப்புறம் எஸ்எஸ்டில எல்லாம் ஒழுங்கா ஓடுனதும் இன்னொரு இமேஜ் எடுங்க, இப்ப உள்ள ரெண்டும் நோயாளி டிஸ்க்லேருந்து எடுத்தது.

பாபநாசம்_டிடிபி | ஞாயிறு, காலை 7:20

சரிண்ணே. கோரல் சரியானதும் எடுத்துடுறேன், ஒரு காப்பி வலங்கைமான்ல மாமியார் வீட்டுக்கு போவுது.